நகர்ந்துபோன சதுப்பு

உலகத்தை உருண்டையாக்கியதே எங்கள் அக்காதான். அதற்கு முன்னால் அது சப்பையாகத்தான் கிடந்தது. அக்கா ஒரு முறை முறைத்தாள், பயந்து சுருண்டுகொண்டது.

அக்கா படித்தது புவியியல். "கடைக்கு வழி சொல்றதுக்கா இவ்வளவு படிப்பு?" என்றார் சித்தப்பா. அவள் காதிலேயே வாங்கவில்லை. சதுப்பு நிலங்களுக்கு வரைபடம் போடும் சின்ன அலுவலகம் ஒன்றில் சேர்ந்தாள். கையில் ஜிபிஎஸ் கருவி, முழங்கால் வரை சேறு. எங்கள் ஊர்ச் சதுப்பை ஒட்டிய கீழ்த்தெருவில் வீடு வீடாக ஏறி, "போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டு, சுவரில் இருந்த கறையைக்கூடப் படத்தில் ஏற்றினாள்.

நீர்க்கோழிகள் கூடு கட்டும் அந்தச் சதுப்பை மூடிச் சாலை போடத் திட்டம். மூடினால் மழைத்தண்ணீர் மொத்தமும் கீழ்த்தெருவுக்குள் புகும். நகரசபைக் கூட்டத்தில் அன்று முடிவு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கடைசி வரிசையில் இருந்தேன்.

பெரிய நகரப்படத்தின் மேல், சதுப்பை வரைந்த கண்ணாடித்தாளை அக்கா ஒட்டினாள். சாலைப் பொறியாளர் கிட்டே வந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, தீயணைப்பு நிலையமே தண்ணிக்குள்ள நிக்குது? அவங்களுக்கு வசதிதான்!"

கூடமே சிரித்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அக்கா சட்டென்று ஒட்டுநாடாவைப் பிய்த்தாள். "ஐயா, என் தப்புதான். கருவிக்கு ஒரு அளவுமுறை, நகரப்படத்துக்கு வேற அளவுமுறை. மாத்தாம போட்டுட்டேன். எல்லாமே ஒரே பக்கமா நகர்ந்திருக்கு." தாளில் இருந்த பாலத்தை, நகரப்படத்தின் பாலத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். தீயணைப்பு நிலையம் கரையேறியது. கறைகள் எல்லாம் அவரவர் வீட்டுச் சுவரில் போய் உட்கார்ந்தன.

"இழுத்த இழுப்புக்கு வர்றதுக்குப் பேரு படமா?" என்றார் பொறியாளர். தலைவரின் பேனா தாளைத் தொட்டது.

அப்போது கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர் இருமிக்கொண்டே, நடுவில் குரல் கீச்சிட, கத்தினார்: "படத்தை நம்ப வேணாம்யா! பாலத்துல வந்து நில்லுங்க, கண்ணு தெரியும்ல?"

"ஆமா, வாங்க! வந்து பாருங்க!" என்று கீழ்த்தெருப் பெண்கள் மொத்தமாக எழுந்துவிட்டார்கள். தலைவர் பேனாவை மூடினார். நேரில் பார்க்காமல் முடிவு இல்லை என்றார்.

வெளியே வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"கத்தினாரே, அந்தப் பெரியவர் யாருடா?"

"தெரியலையேக்கா. யாரோ நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான்." வலிக்காமல் என் காதைத் திருகினாள். "பாவம், இந்த வயசுலதான் அவருக்கு மகரக்கட்டு உடையுது போல."