ஒன்பது கம்ப்யூட்டர்களும் ஒரு பென் டிரைவும்

டி. நகரில் பத்தொன்பது வருடமாகப் பார்த்துவந்த கம்ப்யூட்டர் வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்குகிறவன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் நின்றேன். வழக்கமாக மீன் தரும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா தம்பி, வேலைக்குப் போவல?”

“வேலை போயிடுச்சுக்கா.”

அவர் சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே, “கம்ப்யூட்டர் வேலதானே பாத்துக்கினு இருந்தே? எங்க சங்கத்துல ஒம்போது கீது. ஒண்ணும் ஓடல. வந்து பாரு” என்றார்.

மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கோடம்பாக்கத்தில் மூடப்பட்ட ஒரு டப்பிங் ஸ்டுடியோ எட்டுப் பழைய கம்ப்யூட்டர்களைக் கொடுத்திருந்தது. ஒன்பதாவது, சங்கம் முன்பே வாங்கியது. அரசாங்க விண்ணப்பங்களை யார் கையையும் எதிர்பாராமல் தாங்களே நிரப்ப வேண்டும் என்பது அந்தப் பெண்களின் ஆசை.

அன்று மாலையே, விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய மெஷின்களிலும் இலவசமாக ஓடும் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மளமளவென்று முடித்துவிடலாம் என்று நினைப்பு. முதல் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவதும் அப்படித்தான். எரிச்சலில் சங்கமே வாங்கிய ஒன்பதாவது கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அதிலிருந்த பழைய விண்டோஸ் கறுப்புத் திரையோடு நின்றுபோயிருந்தது. ஆனால் பென் டிரைவை ஏற்றது. டிஸ்க்கை அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. சரி என்று அழுத்தப் போனேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “இரு, இரு. அதுல எங்க ஆளுங்க லிஸ்ட்டு, போட்டோ எல்லாம் கீது. வீடு வீடா போய் சேத்தது. அத்த அழிச்சிட்டா நான் யாருக்குன்னு பதில் சொல்றது?”

ஆபீஸில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எந்த மெஷினையும் நான் தொட்டதில்லை. வேலையோடு அந்த நிதானமும் போய்விட்டதா என்று பயமாக இருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, “நாளைக்கு வரேன்க்கா” என்றேன்.

மறுநாள் வெறும் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். ஒவ்வொன்றாகத் திறந்து, எது பென் டிரைவிலிருந்து கிளம்பும், எது டிவிடியிலிருந்து கிளம்பும் என்று எழுதினேன். சங்கத்தினுடையதையும் சேர்த்து ஆறுக்குப் பென் டிரைவ் போதும். இரண்டு, டிவிடியிலிருந்து மட்டும். ஒன்றில் டிவிடி போடும் இடமே இல்லை. அதை இன்னொரு கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, அதன் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

வெற்று டிவிடிக்காக மயிலாப்பூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் மாடவீதிப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கிடைத்தது. “கல்யாண வீடியோவையே இப்ப யாரும் இதுல கேக்கறதில்ல சார்” என்று தூசி தட்டிக் கொடுத்தார் கடைக்காரர்.

சங்கத்தின் கம்ப்யூட்டரில் இந்தத் தடவை எதையும் நிறுவவில்லை. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, டிஸ்க்கைப் படிக்க மட்டும் திறந்தேன். கோப்புகள் அப்படியே இருந்தன. முதல் படத்தைத் திறந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அய்ய, நான்தான்! எப்டி மொறச்சிக்கினு கீறேன் பாரு!”

வாசலில் நின்ற பெண்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். இது என் நாத்தனார், இது மாமியார் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சத்தம். எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் நகலெடுத்தேன். நகல் திறக்கிறதா என்று அக்காவையே பார்க்கச் சொன்னேன்.

“இப்ப அழிக்கலாமாக்கா?”

“தைரியமா அழி.”

சனிக்கிழமைக்குள் ஒன்பதும் ஓடின. இப்போது மத்தியான வியாபாரம் முடிந்ததும் பெண்கள் கை கழுவிவிட்டு வந்து உட்காருகிறார்கள். அக்கா ஒரே விரலால் தட்டித் தன் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை முக்கால் மணி நேரத்தில் நிரப்பினார். என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை.

எனக்கு இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை. ஆனால் காலையில் எழுந்து சட்டையை இஸ்திரி போடத் தொடங்கியிருக்கிறேன். போன வாரம் அக்கா போன் செய்தார்.

“சைதாப்பேட்டை மார்க்கெட் பொம்பளைங்க கேட்டுக்கினு கீறாங்க. அங்க ஆறு கம்ப்யூட்டர் கீதாம். எப்ப வரேன்னு சொல்லட்டும்?”

“திங்கட்கிழமை” என்றேன்.