மாவு பொங்கிய கோடை

பணம் வந்தால் சந்தோஷம் போய்விடும் என்று யாராவது என் முன்னால் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப் பேசுகிறவர்களில் ஒருவராவது வந்த பணத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டுக்குப் பணம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நன்றாகத்தான் இருந்தோம். ஒரே ஒரு விஷயம்தான் கெட்டது. அதையும் நானே சரிசெய்தேன்.

அப்பாவுக்குக் கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. சம்பளம் கூடி, அரியர்ஸும் மொத்தமாக வந்தது. அடுத்த வாரமே இரண்டு பேர் குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடிக்கு ஒரு சிவப்பு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிரிக்கவே தெரியாத என் அப்பா அன்றைக்கு ஒரு ஐஸ் கட்டியை அம்மாவின் கழுத்தில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினார். அது சந்தோஷம் இல்லை என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

“இனிமே ஒரு சொட்டு மாவு வீணாவாது, பாத்துக்க” என்றார்.

“எங்க வீணாப் போச்சு? கீழ வீட்டுக்குல்லா போச்சு” என்றாள் அம்மா. அப்பா காதில் விழவில்லை. ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் கல்கத்தா வெயிலில் தோசை மாவு ஒருநாள்கூடத் தாங்காது. அதனால் அம்மா பாதியை எவர்சில்வர் தூக்கில் ஊற்றிக் கீழ் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அங்கே இருந்தவர் ஒரு வங்காளி அம்மா. நான் அவரைக் காகிமா என்று கூப்பிடுவேன், நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி. அவர் அப்பாவைத் தாதா என்பார், அண்ணா என்கிற மாதிரி. தூக்கைக் காலியாகத் திருப்பித் தருவது அவர் வழக்கத்திலேயே இல்லை. மறுநாள் சாயங்காலம் அதில் பாயசத்தையோ, லூச்சி என்கிற மைதாப் பூரியையும் உருளைக்கிழங்குக் கறியையுமோ நிரப்பி அவரே மேலே கொண்டுவருவார். வந்தால் ஒரு மணி நேரம் சமையலறையை விட்டு நகரமாட்டார். அம்மாவின் வங்காளி அரைகுறை. காகிமாவின் இந்தி அதைவிட மோசம். ஆனாலும் இருவரும் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். காகிமா தோசையைப் பாயசத்தில் தோய்த்துத் தின்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஃப்ரிட்ஜ் வந்த பிறகு மாவு நாலு நாள் கல் மாதிரி கிடந்தது. தூக்கு பரணுக்குப் போனது. காகிமா மேலே வருவது நின்றது. பாயசமும் நின்றது. எனக்குக் கோபம் வந்து கீழே போய் நேராகவே கேட்டேன்.

“ஏன் காகிமா, இப்பல்லாம் மேல வர்றதே இல்ல?”

“வெறும் கையோட எப்படிம்மா வர்றது? உங்கம்மா பாத்திரம் எதுவும் எங்கிட்ட இல்லையே” என்று வங்காளியில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

மறுநாள் அப்பா ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும், பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, பக்கத்துப் பலகையில் இருந்த, ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் போகிற ஸ்டெபிலைசரைத் தட்டி அணைத்தேன். அதன் சிவப்பு விளக்கு அணைந்தது தெரியாதபடி மேலே இருந்த பூத்துணியை இழுத்துவிட்டேன்.

நாலு மணிக்கு வந்து பார்த்தால், மாவு பொங்கி மூடியைத் தள்ளி, கீழ்த் தட்டிலிருந்த தக்காளி மேலெல்லாம் வழிந்திருந்தது. அம்மா கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் அவள் தலைமுடி பறந்தது.

“லோட்ஷெடிங்காம்மா?” என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

அம்மா பறந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள். “ஆமாட்டி. நீ போனதுலேர்ந்தே கரண்ட் இல்ல. பரண்ல அந்தத் தூக்கு இருக்கும், எடு. மாவக் காகிமாகிட்ட குடுத்துட்டு வா.”

மறுநாள் சாயங்காலம் காகிமா தூக்கோடு வந்தார். உள்ளே பாயசம். அப்பா மாவு போன வருத்தத்திலிருந்து இன்னும் மீளவில்லை.

“நேத்து உங்க வீட்லயும் கரண்ட் இல்லையா?” என்று அவரிடமே கேட்டுவிட்டார்.

காகிமா அம்மாவைப் பார்த்தார். “ஆமா தாதா. பயங்கர லோட்ஷெடிங். வெந்து போயிட்டோம்.”

நான் பிழைத்தேன். கூடவே, காகிமாவுக்கு எந்த நாள் என்பதே குழம்பிப்போய்விட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை முழுக்க நாலைந்து நாளுக்கு ஒருமுறை லோட்ஷெடிங் வந்தது. காலையில் அணைப்பேன், நாலு மணிக்கு வந்து போட்டுவிடுவேன். “நம்ம ஏரியாவுல மட்டும் ஏந்தான் இப்படிப் புடுங்குதானோ” என்று அப்பா கரண்ட்காரனைத் திட்டியபடியே பாயசம் குடித்தார். இரண்டாவது கிண்ணமும் கேட்டார். சமையலறையில் பழையபடி சிரிப்புச் சத்தம். ஐஸ் தண்ணீரும் இருந்தது, காகிமாவும் இருந்தார். மூன்று பெரியவர்களை ஒரு சுவிட்சை வைத்து ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் கணக்குப் பரீட்சை. வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவசரமாக ஓடியதில் ஸ்டெபிலைசரை அணைக்க மறந்துவிட்டேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. இன்றைக்குப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு வந்து துணியைத் தூக்கிப் பார்த்தால், சிவப்பு விளக்கு எரியவில்லை. மாவு பொங்கியிருந்தது. தூக்கைக் கழுவித் துடைத்து வாசல் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள் அம்மா.

அணைத்ததே ஞாபகம் இல்லாத அளவுக்கு இப்படியொரு மறதியா என்று என்னையே திட்டிக்கொண்டு, தூக்கோடு மாடியிறங்கினேன்.