முதலில் ஒரு ஊருக்கு மட்டும்: சுயம்புகனி நினைவாக

வியாழக்கிழமை முற்பகல் எங்கள் தோழி பிரபா போனில் கூப்பிட்டபோது நான் அலுவலகத்தில் ஒரு செட்டிங் மாற்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாதி வழியில் வைத்திருந்தேன். முதல் ஊருக்குத் திறந்தாயிற்று, அடுத்த சில ஊர்களுக்குத் திறக்க வேண்டிய நேரம். "கனி போயிட்டா மக்கா. விடியக்காலம், ஆஸ்பத்திரியில" என்றாள் பிரபா. நான் உடனே அழவில்லை. மாற்றத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தினேன். பக்கத்து மேசையில் இருந்தவரிடம், இன்றைக்கு இனி யாரும் எதையும் திறக்க வேண்டாம் என்று சொன்னேன். கண் கலங்கியவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து என்ன பயன்? அதற்குப் பிறகுதான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

கனியோடு வேலை செய்தவர்களுக்கும், அவளிடம் கேள்வியாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன், கை ஓடவில்லை. படித்திருந்தால் "யாருலே அந்த அவர்?" என்று கேட்டிருப்பாள். நாகர்கோவிலில் எங்கள் அலுவலகத்தில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள், ஒரே வயதுக்காரர்கள். ஆகவே அவள் என்றே இருக்கட்டும்.

முதல் வருடத்தில் ஒருமுறை இருவரும் வேலையாகத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது எல்லோரையும்போல நான் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனி பார்த்தது சுற்றாத ஒன்றை. "அத்தனையும் ஓடுது, அது மட்டும் ஏன் நிக்குது?" என்றாள். ரிப்பேராக இருக்கும் என்றேன். "இருக்கும்னா? உனக்குத் தெரியுமா?" தெரியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெயிலில் அவள் பின்னால் நடந்தேன். அங்கிருந்த காவலாளி, ஆள் மேலே ஏறி வேலை பார்க்கிறார், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறது என்றார். அவ்வளவுதான் விஷயம். திருநெல்வேலிக்குத் தாமதமாகப் போய் நான் திட்டு வாங்கினேன். கனியோ வழியெல்லாம் மகிழ்ச்சியாக இருந்தாள். "ஒண்ணு சும்மா இருந்தா, அது ஏன் சும்மா இருக்குன்னு தெரிஞ்சுக்காம எனக்குச் சோறு இறங்காது" என்றாள். பொய்யில்லை, நான் கூடவே இருந்து பார்த்தவன்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு, மறுநாள் கடலில் காற்று பலமாக இருக்கும் என்றால் முந்தின நாள் சாயங்காலமே போனில் அழைத்துச் சொல்கிற ஏற்பாடு அது. கணக்குப் போடுவதும் அழைப்பதும் எங்கோ கிளவுடில் இருக்கும் கம்ப்யூட்டர்கள். எவ்வளவு காற்றுக்கு அழைப்பது, எத்தனை மணிக்கு அழைப்பது என்பதெல்லாம் செட்டிங். புரோகிராமைத் தொட வேண்டாம், ஒரு எண்ணை மாற்றினால் போதும். மாற்றிய எண் கண் மூடித் திறப்பதற்குள் நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லா ஊருக்கும் போய்விடும்.

அப்படி ஒரேயடியாகப் போகக் கூடாது என்று முதல் நாளிலிருந்து சண்டை போட்டவள் கனி. முதலில் ஒரு ஊர், பிறகு சில ஊர்கள், கடைசியில் முழுக் கரை. ஒவ்வொரு படியிலும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. சென்னையில் இருந்த எங்கள் மேலாளருக்கு இது வீண் தாமதமாகப் பட்டது. கனிக்கு ராஜாக்கமங்கலம் பக்கம், கடைமடை வயல்காரக் குடும்பம். அவரிடம் இப்படிச் சொன்னாள்: "சார், பேச்சிப்பாறை அணையில தண்ணி திறந்தா எங்க வயலுக்கு வந்து சேர நாளாகும். நடுவுல கரை உடைஞ்சா அங்கனயே மறிச்சிரலாம். தண்ணிக்கு நடக்கத் தெரியும். நம்ம செட்டிங்குக்குத் தெரியாது, நாமதான் கையைப் பிடிச்சு நடத்திட்டுப் போவணும்." பேச்சிப்பாறை எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். ஆனால் சம்மதித்துவிட்டார்.

முதல் ஊராகப் பெரும்பாலும் எங்கள் ஊரைத்தான் வைப்பாள். முட்டத்துக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய ஊர். என் அண்ணன் அருள் அங்கே வள்ளம் வைத்திருக்கிறான். எதுவும் கோளாறானால் உடனே எனக்குத் தெரியும் என்பது அவள் கணக்கு. அதாவது, ஒவ்வொரு மாற்றமும் முதலில் என் அண்ணன் தலையில்தான் விழும். இதை நான் சொன்னால், "பின்ன, ஊர் பேர் தெரியாத அண்ணன் தலையில போடவா?" என்பாள்.

ஒரு சமயம் அழைப்புகள் அதிகமாக வருகின்றன என்று மீனவர்களிடம் முணுமுணுப்பு. லேசான காற்றுக்கும் போன் வந்தால் யார் எடுப்பார்கள்? உண்மையான காற்று வரும் நாளிலும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். ஆகவே தேவையில்லாத அழைப்புகளைக் குறைக்க முடிவானது. இன்னும் துல்லியமாகக் காற்றளவு தருகிற வேறோர் இடத்திலிருந்து கணக்கை எடுப்பது, அதற்கேற்றபடி செட்டிங்கை மாற்றுவது. புதிய செட்டிங் சென்னையில் தயாரானது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கனி அதை எங்கள் ஊருக்கு மட்டும் திறந்தாள். திங்கள்கிழமை காலை முழுக் கரைக்கும் திறப்பதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நான் அன்று விடுமுறையில், தங்கை மகனின் ஞானஸ்நான வீட்டில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திரையில் எல்லாம் பச்சை. எங்கள் ஊருக்குப் போன அழைப்புகள் அடியோடு குறைந்திருந்தன. அதுதானே வேண்டியிருந்தது? புகாரும் இல்லை. சென்னையிலிருந்து மேலாளர் கைதட்டுகிற பொம்மைப் படம் அனுப்பினார். கனி மட்டும் என்னைக் கூப்பிட்டு, "மக்கா, திட்டுறதுக்குக்கூட ஒருத்தன் கூப்பிடலியே. உங்க ஊர்க்காரங்க திட்டாம இருப்பாங்களா?" என்றாள். நல்லதுதானே என்றேன். "நல்லதா இருக்கட்டும். நான் வந்து பாத்துட்டுப் போறேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் குறிவைத்து வருகிறாள் என்று அண்ணியிடம் சொன்னேன்.

சர்ச்சில் பூசை முடிந்து ஊர் ஓய்ந்திருந்த நேரம். வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. நிழலில் சீட்டாட்டம். கனி மணலில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஏம்ல, இன்னைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகலியா?"

"ஞாயிறுல்லா. எவன் போவான்?" என்றேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கிறிஸ்தவக் கடற்கரை ஊர்களில் ஞாயிறன்று தொழிலுக்குப் போவதில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய செய்தியா இது? ஞாயிற்றுக்கிழமை மீன் கிடைக்காது என்று கனியின் அம்மாவே சனிக்கிழமை வாங்கிப் பொரித்து வைப்பார். சனிக்கிழமை சாயங்கால அழைப்பு ஞாயிற்றுக்கிழமைக் கடலுக்கானது. அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, இங்கே எவனும் கவனித்திருக்க மாட்டான்.

சீட்டு விளையாடிக்கொண்டிருந்த அண்ணனிடம் போனாள். "அண்ணே, நேத்து சாயங்காலம் போன் வந்துச்சா?"

"வரல பிள்ள. நிம்மதியா இருந்துச்சு."

"கொட்டில்பாட்டுல உங்க மச்சானுக்கு?" பழைய செட்டிங்கிலேயே இருந்த ஊர் அது. அண்ணன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டான். அங்கே வந்திருக்கிறது, பலத்த காற்று என்று. இரண்டும் ஒரே கடல், ஒரே காற்று.

எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப்பைத் திறந்தாள். அண்ணி மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கொண்டு வந்து வைத்தாள். கனி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே தேடினாள். கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. பழைய இடம் காற்றை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொன்னது. புதிய இடம் கப்பல்காரர்கள் கணக்கிடும் 'நாட்' (knot) என்ற அளவில் சொல்கிறது. ஒரு நாட் என்பது மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அளவு மாறியிருந்தது, செட்டிங்கில் எண் மட்டும் பழையபடியே இருந்தது. ஆகவே, முன்பு எந்தக் காற்றுக்கு அழைத்ததோ அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அடித்தால்தான் இனி அழைக்கும். அந்தக் காற்றில் வள்ளம் நிற்காது. விடிந்தால் முழுக் கரைக்கும் இதுதான்.

கனி மேலாளரைக் கூப்பிட்டாள். வாக்குக் கொடுத்தாயிற்று, நாளைக்குத் திறந்துவிட்டு மெதுவாகத் திருத்தலாமே என்று அவர் இழுத்தார். "சார், நான் தப்பான நாளைத் தேர்ந்தெடுத்துட்டேன். யாருமே இல்லாத வீட்டுல கதவைத் தட்டிட்டு, ஒருத்தரும் திட்டலைன்னு சந்தோஷப்பட்டிருக்கோம். இது என் தப்பு. எழுதித் தரேன். ஆனா திறக்க மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. எங்கள் ஊரைப் பழைய செட்டிங்குக்குத் திருப்பினாள். மறு முனையில் அவர் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவன் முகத்தைச் சுளித்தான். "திரும்ப ஆரம்பிச்சுட்டான்" என்று சொல்லிக் கட் பண்ணப் போனான். "அண்ணே, முழுசாக் கேட்டுட்டுக் கட் பண்ணுங்க" என்றாள் கனி. கேட்டான். நாளைக்குக் காற்று பலம், கடலுக்குப் போக வேண்டாம் என்றது அந்தக் குரல். அண்ணன் வலையைத் தூக்கி உள்ளே போட்டான். மறுநாள் அடித்த காற்றில், போனை எடுக்காமல் போன சில வள்ளக்காரர்கள் வலையை அறுத்துவிட்டு உயிர் பிழைத்து வந்தார்கள்.

அந்தத் தவறைக் கனி ஒளித்ததே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். வெட்கத்தைவிட அவளுக்கு ஆச்சரியம்தான் அதிகம். "மீன் வாங்கும்போது தெரிஞ்ச விஷயம் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா எப்பிடி மறந்து போகுது? எங்க போய் ஒளிஞ்சுக்குது?" என்று என்னைப் பலமுறை கேட்டிருக்கிறாள். அதன் பிறகு எந்த மாற்றத்தைச் சோதிக்கும்போதும் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திருவிழா நாளையும் சேர்ப்பதில்லை. பச்சை விளக்கைப் பார்த்த பிறகு, அந்த ஊரில் ஒரு ஆளையாவது கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அடுத்த ஊர்.

நோய் வந்த பிறகும் அவள் மாறவில்லை. டாக்டர் ஒரு புது மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம் என்றிருக்கிறார். கனிக்குப் பிடித்துப்போயிற்று. "கூட்டின பிறகு எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு வைங்க. மருந்து ஒத்துக்கிட்டுதுன்னு அர்த்தமா, இல்ல மருந்து வேலையே செய்யலைன்னு அர்த்தமா?" என்று கேட்டாளாம். டாக்டர் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்து விளக்கினாராம். இதை என்னிடம் சொன்னபோது அவள் தலையில் முடி இல்லை, கண்ணில் அதே குறும்பு இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அழாதலே, கேக்க இன்னும் நெறைய இருக்கு" என்றாள். கேட்டு முடிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வெள்ளிக்கிழமை கனி வீட்டு வழக்கப்படி அடக்கம் நடந்தது. வீடு திரும்பியதும், யார் இறந்தது என்று அண்ணன் கேட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை கனி எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தாள், எதைத் தடுத்தாள் என்பதை அவனுக்கு நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அலுவலக விஷயம் என்று விட்டுவிட்டேன். அன்று முழுவதையும் சொன்னேன்.

"மரச்சீனி தின்னுட்டுப் போன பிள்ளையா?" என்றான் அண்ணன். ஆமாம் என்றேன். "சாப்பாட்டுக்குத்தான் வந்திருக்குன்னு நெனச்சேன்" என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

அவளை நினைத்து எதை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று பிரபா கேட்டாள். அவள் பேனாவோ படமோ என்னிடம் இல்லை. என் அண்ணன் இருக்கிறான். சனிக்கிழமை விடிவதற்கு முன் கடலுக்குப் போனான். மத்தியானம் சாளை மீனோடு வீட்டுக்கு வந்தான்.