இடது கையால் பிடுங்கிய நாற்று

தாவரவியல் படித்துவிட்டு ஒரு விதைக் கம்பெனியில் தொலைபேசிப் புகார்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தோட்ட வேலை மூலம் சிகிச்சை தர வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம்.

"படிச்சு முடிச்சு மண்ணு அள்ளப் போறியா?" என்றார் அப்பா.

"அள்ளப் போகலப்பா. அள்ள வைக்கப் போறேன்."

சலவை அறைக்குப் பின்னால், இரண்டு மணி நேரமே வெயில் எட்டிப் பார்க்கும் மூலையைக் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை செய்ய மேசை போன்ற பாத்திகள் வந்தன. நாற்காலி எதுவும் அவற்றின் கீழே நுழையவில்லை. மேசைக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கினாள்.

முதலில் வந்தவர்கள் இருவர். பார்வையற்ற தட்டச்சு ஆசிரியை, முடிச்சுப் போட்ட கயிற்றைத் தடவித் தடவி நேர்வரிசையாகத் தக்காளி நாற்று நட்டார். பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன பஸ் டிரைவர் எதையும் தொடவில்லை. மையத்தின் உடற்பயிற்சியாளர் கொடுத்த ரப்பர் பந்தையே ஐந்து மாதமாக அந்தக் கை பிடிக்க மறுத்திருந்தது.

"சும்மா உக்காந்திருக்கீங்களே, ஸ்டாப்புல நிக்காம போற டிரைவர்தானே நீங்க?" என்றார் ஆசிரியை. டிரைவர் அவர் நட்ட நாற்று வரிசையை முறைத்தார்.

மறுநாள் காலை ஆசிரியையின் விரல்கள் பாத்தியில் அலைந்தன. "இங்க ஒண்ணுமே இல்லையே?"

ஒரு வரிசை முழுக்கக் காணோம். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டப் போனவள் நின்றுவிட்டாள். வெந்நீர் கொட்டி அவருடைய வலது கையில் முந்தின நாள் மாலையே கட்டுப் போட்டிருந்தார்கள். இடது கை நகங்களில் மண் இருந்தது.

"எந்தக் கையால பிடுங்கினீங்க?"

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இதாலயா?" என்று அவளையே கேட்டார்.

அன்றிலிருந்து களை பிடுங்குவது அவர் பொறுப்பு. களைக்கும் பயிருக்கும் அவர் பாரபட்சம் காட்டவில்லை. நான்கே மாதத்தில் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். 'ரப்பர் பந்துப் பயிற்சியால் சிறந்த முன்னேற்றம்' என்று அறிக்கை எழுதினார் பயிற்சியாளர்.

அவளை நிரந்தரமாக்கினார்கள். தோட்டத்தில் எடுத்த புகைப்படம் மையத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படமாக நன்றாக அமைந்துவிட்டதாம். 'தோட்ட சிகிச்சையாளர்' என்றொரு பதவி பதிவேட்டில் இல்லாததால் 'தோட்டக்காரர், இரண்டாம் நிலை' என்று எழுதி, இரண்டு காக்கிச் சட்டையும் புல்வெட்டும் கருவியும் கொடுத்தார்கள். அங்கே புல்லே கிடையாது. பதவியின் பெயரை மாற்ற மூன்று வருடம் மனு எழுதினாள்.

இப்போது மூன்று மையங்களில் அவளுடைய பாத்திகள் இருக்கின்றன. பயிற்சி எடுக்கப் பிற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். புது நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்கள், செடிகள் மேல் ஆசையுள்ள அமைதியானவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவள் பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்பாள்: "கோபக்காரங்க யாரும் இல்லையா டாக்டர்?"