சத்தம் போதாத கித்தார்

மாமாவின் கித்தார் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதன் மேல்விளிம்பில் ஓரிடத்தில் பாலிஷ் போய், மரம் வெளுத்துக் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் முழங்கை பட்டுத் தேய்ந்தது என்பார்கள். முழங்கை இல்லை, அவருடைய தாடை.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். 1930களில் புதுச்சேரியில் கிறிஸ்தவக் குடும்பத்துக் கல்யாணங்களில் நடனத்துக்கு வாசிக்கிற சின்னக் குழு ஒன்றை வைத்திருந்தார். அதில் நான் வயலின். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியபோது அவர் கொண்டுவந்தது அந்தக் கித்தார். கித்தார் வாங்கும்போது ஒரு கண்ணை மூடி அதன் கழுத்தை நீளவாக்கில் பார், வளைந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் தொடாதே. கடற்காற்று அடிக்கிற ஜன்னலோரம் வைக்காதே, பசை விட்டுவிடும். வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடுத்து வை. இவையெல்லாம் மாமா சொன்னவை. இன்று கித்தார் வாங்கவும் பழுதுபார்க்கவும் என்னிடம் வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். சத்தத்தைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, "இது சத்தமே எடுக்கல மச்சான்" என்று ஆரம்பித்தார். ஈரம் ஏறிவிட்டது என்றார். தந்திகளை மாற்றினார். பிறகு, நான் வேண்டாமென்று சொல்லியும், ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்புத் தந்திகளை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி போட்டார். நரம்புக்கென்று செய்த கித்தார் இரும்பின் இழுப்பைத் தாங்குமா? தந்திகளைப் பிடித்திருக்கும் பாலம் பெயர்ந்து கையோடு வந்தது. அதை ஒட்டிப் பழையபடி நரம்பையே போட்டுக்கொண்டார். அப்போதுதான் குனிந்து தாடையை மரத்தில் அழுத்தி வாசிக்கத் தொடங்கினார். சைகோன் பாணி என்று பெண்கள் மெச்சினார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஓர் ஒத்திகையில். என் வயலினின் மேல்தந்தி பட்டென்று அறுந்தது. விளையாட்டாக வில்லைத் தந்தியில் படாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமா என்னைப் பார்த்து, "நல்லாருக்கு" என்று தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாடையை மரத்தில் அழுத்துவது எலும்பு வழியாகவாவது சத்தம் கேட்கத்தான் என்று புரிந்தது. கித்தாரில் சத்தம் போதவில்லை என்று இன்று யாராவது வந்தால், நான் முதலில் அவருக்குப் பின்னால் போய் மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். மாமாவிடம் அதைச் செய்திருக்க வேண்டும். குழு கலைந்தால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். அதனால் அவர் மறுபடி புலம்பியபோது, "மைக் வெச்சிக்கலாம் மாமா" என்றேன். ஊரில் அப்போதுதான் ஒருவர் மைக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார்.

நெல்லித்தோப்பில் ஒரு கல்யாணம், மதிய விருந்து முடிந்த நேரம். மைக்கைக் கித்தாரின் துளைக்கு நேரே நான்தான் வைத்தேன். ஒலிபெருக்கிக் குழாய் எங்களுக்குப் பின்னாலேயே இருந்தது. அப்படி வைக்கக்கூடாது என்று யாருக்குத் தெரியும்? ஒரு சுற்று வாசிப்பதற்குள் குழாய் வீலென்று அலறியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், குழந்தைகள் அழுதன, பெண்ணின் அப்பா கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம். மாமா மட்டும் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தார். தன் கித்தார் மறுபடி காதில் விழுந்ததோ என்னவோ, அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மைக் வாடகைக்காரர் ஒயரைப் பிடுங்கினார். மாமா கண்ணைத் திறந்தார்.

"இன்னா மச்சான், ஏன் எல்லாரும் காத மூடிகினு நிக்கிறாங்க?"

நான் ஒலிபெருக்கியைக் காட்டினேன், பிறகு என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கித்தாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"ஒனக்கு எவ்ளோ நாளா தெரியும்?"

"இப்பத்தான் மாமா" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். அந்தப் பொய்யை இரண்டாவது தடவை, கல்யாண வீடு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.