நாலு ஊர்ப் பத்தியம்

அந்த நாளில் எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் பழம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் போக வேண்டும். கடைத்தெருவில் வாழைப்பழம் கிடைக்கும். அது வெற்றிலை பாக்கோடு சேர்த்து வாங்குவது, சாமிக்கும் விசேஷத்துக்கும். சாத்துக்குடி, ஆரஞ்சு, பப்பாளி, கொய்யா எல்லாம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே பாய் ஒருவரின் தள்ளுவண்டியில் இருக்கும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்குவார்கள். படுத்திருப்பவர் ஒரு சுளையைத் தின்றுவிட்டு, மீதியைப் பார்க்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவார். எங்கள் பிளாக்கில் ஒரு பிள்ளை சாத்துக்குடி தின்ன வேண்டுமென்றால் யாராவது காய்ச்சலில் விழுந்தாக வேண்டும். பழப் பையோடு ஒருவன் நடந்து வந்தால், "யாருக்கு என்ன?" என்று கேட்பதுதான் மரியாதை.

எதிரில் வருகிறவர் ஏதாவது கேட்பார் என்று தெரிந்தால் நான் வேறு ரோட்டில் திரும்பிவிடுவேன். ஐம்பதை நெருங்கும் இன்றைக்கும் அப்படித்தான். அதனால் அந்த வண்டிப் பக்கமே போனதில்லை, என் மனைவிக்குக் கண் மங்கும் வரையில்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலை பர்மனென்ட் ஆனது. அதற்கு முன் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தேன். வேலை ஒன்றும் மாறவில்லை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் மண்ணை வாரி மேலே போடுவது. ஆனால் பர்மனென்ட் ஆனவனுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. கம்மாபுரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்த குடும்பம் எங்களுடையது. என் மனைவி திருவதிகைக்குப் பக்கத்தில் அதே மாதிரிக் குடும்பத்தில் பிறந்தவள். இரண்டு பேருடைய வீட்டிலும் தினம் கீரைதான். வரப்பில் எது முளைத்ததோ அது அன்றைக்குக் குழம்பு.

குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு கீரை கிள்ளப் போக வேண்டாம் என்று அவளிடம் சொன்னவன் நான்தான். முந்தானையில் கீரையைக் கட்டிக்கொண்டு வந்தால் கான்ட்ராக்ட் கூலி வீடு என்று நினைத்துவிடுவார்கள். பிளாக்கில் எல்லாரும் உருளைக்கிழங்கு வறுத்தார்கள். நாங்களும் வறுத்தோம். அவள் உண்டான பிறகும் அதே உருளைக்கிழங்குதான்.

அவளுக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக ஒரு வீடு இல்லை. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்றே மூன்று பேர் உள்ளே வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுத் திருநெல்வேலிக்காரம்மா, பக்கத்து வீட்டுக் கோயமுத்தூர்க்காரம்மா, பின்வீட்டுத் தஞ்சாவூர்க்காரம்மா. பிளாக்கில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பெயர்.

அவர்கள் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார்கள். எங்கள் ஊரில் அவர்களைப் போன்ற பெரிய வீட்டுப் பெண்கள் எங்கள் தெருவுக்குள்ளேயே வர மாட்டார்கள். இங்கே என் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர்கள் பேச்சுச் சத்தம் உள்ளிருந்து கேட்டால் எனக்கு நெஞ்சு நிமிரும். ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னால் எழுந்து போய்விடுவார்களோ என்று பயமும் இருந்தது.

பத்தியத்தை அவர்கள்தான் சொன்னார்கள்.

"பூசணி, சுரைக்கா, பீர்க்கங்கா ஒண்ணும் ஆகாதுளா. எல்லாம் குளுமை. பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிரும்" என்றார் திருநெல்வேலிக்காரம்மா.

"கீரை பக்கமே போயிராத கண்ணு. கொழந்தைக்குப் பச்சையாப் போயிரும். கத்திரிக்காயும் ஆகாது, கரப்பான் வந்துரும்" என்றார் கோயமுத்தூர்க்காரம்மா.

"பழம்னு வாயையே தொறக்காதே. வெண்டைக்காயும் வேண்டாம், பப்பாளிக்காயும் வேண்டாம், புடலங்காயும் வேண்டாம்" என்றார் தஞ்சாவூர்க்காரம்மா.

"எங்கூர்ல மாங்காயும் பலாவும் ஆவாதும்பாங்க" என்று என் மனைவியும் தன் பங்குக்குச் சேர்த்தாள். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

ஊரில் இருந்தால் ஓர் ஊரின் பத்தியம்தான். டவுன்ஷிப்பில் நாலு ஊர்ப் பத்தியம் ஒரு பெண்ணின் தட்டில் வந்து சேர்ந்தது. ஒருவர் வேண்டாம் என்றதை மற்றவர் வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லி, நாளைக்குக் குழந்தைக்கு ஒன்று ஆனால் பழி யார் தலையில்? கடைசியில் மிஞ்சியது மிளகு ரசம், சுட்ட பூண்டு, வறுத்த கருவாடு, சோறு. ஒரு மாதத்துக்கு மேல் அதையேதான் சாப்பிட்டாள்.

ஒரு நாள் விளக்குப் போடும் நேரம். குழந்தை பாயில் கிடந்தது. அவள் அடுப்படியிலிருந்து வெந்நீர்ச் செம்போடு வந்தாள். நேராகப் பாயின் மேல் நடந்தாள். ஏதோ நினைவில் வருகிறாள் என்றுதான் நினைத்தேன். கால் குழந்தையின் கைக்கு மேல் இறங்கியபோது அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். செம்பு உருண்டது. வெந்நீர் சுவரோரம் ஓடியது.

"புள்ள எங்க கெடக்குது?" என்று கேட்டாள். குழந்தை அவள் காலடியில் கத்திக்கொண்டிருந்தது.

"கண்ணு தெரியலியா உனக்கு?"

"கொஞ்ச நாளாவே பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியலீங்க. பகல்ல நல்லாதான் தெரியுது. சொன்னா பயந்துக்குவீங்கன்னு சொல்லல."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நர்சம்மா அவள் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "மாலைக்கண்ணு. டாக்டர் மாத்திரை எழுதுவாரு. அது மட்டும் பத்தாது. கீரை, பப்பாளிப்பழம், காய் எல்லாம் தினம் குடுங்க" என்றார்.

"பிளாக்குல எல்லாம் வேணாங்கறாங்க."

"உங்க பிளாக்குல எத்தன டாக்டருங்க?"

"டாக்டருங்க இல்லீங்க. மூணு அம்மாங்க."

"அப்ப கஷ்டந்தான். டாக்டருன்னா நான் பேசிப் பாப்பேன்" என்று சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் கேட்டைத் தாண்டி முதல்முறையாக அந்தத் தள்ளுவண்டியின் முன்னால் நின்றேன். "எந்த வார்டுங்க?" என்று கேட்டுக்கொண்டே பாய் சாத்துக்குடியை எடுத்தார். வார்டு இல்லை, பப்பாளி வேண்டும் என்றேன். என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பப்பாளி கக்கத்தில் அடங்குகிற பொருளா? என்னோடு பெல்ட்டில் வேலை செய்கிறவன் சைக்கிளில் எதிரே வந்து காலை ஊன்றினான்.

"யாருக்குடா?"

"எங்க பெரியப்பாவுக்கு" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அடுத்த நாள் ஷிப்டில் என்னைத் தேடி வந்துவிட்டான். "எங்கடா உங்க பெரியப்பன்? ரெண்டு ஆரஞ்சு வாங்கிகினு ஆஸ்பத்திரி பூரா சுத்தினேன்."

"வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"சொல்லக் கூடாது? யாரோ ஒரு கிழவன் பாவமாப் பாத்துகினு இருந்தாரு. அவருக்குக் குடுத்துட்டு வந்தேன்."

அவன் காசில் முகம் தெரியாத ஒருவர் ஆரஞ்சு தின்றது எனக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்த முறை பப்பாளியோடு அதே இடத்தில் அவன் மடக்கியபோது, "யாருக்கும் ஒண்ணும் இல்ல. என் பொண்டாட்டி தின்றதுக்கு" என்றேன்.

"சும்மா தின்றதுக்கா? இன்னாடா, ஆபீசர் ஆயிட்டியா?"

"ஆமா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துப் போனான். அன்றிலிருந்து துண்டில் சுற்றுவதை விட்டுவிட்டேன்.

பழம் சரி. கீரைக்கும் காய்க்கும் என்ன செய்வது? அந்த அம்மாக்களிடம் எதிர்த்துப் பேச என்னால் ஆகாது. கேட்க மட்டும் ஆகும். ஒவ்வொருவரும் தனியாக இருக்கும்போது, "உங்க ஊர்ல புள்ள பெத்தவங்களுக்கு என்னம்மா ஆக்கிப் போடுவாங்க?" என்று கேட்டேன்.

"முருங்கைக்கீரைய நெய்யில வதக்கிக் கொடுப்போம்லா. பால் நல்லா ஊறும்" என்றார் திருநெல்வேலிக்காரம்மா.

"பப்பாளிக்காயப் பொரியல் பண்ணிக் குடுப்பமுங்க" என்றார் கோயமுத்தூர்க்காரம்மா.

"கத்திரிப்பிஞ்சு போடாம பத்தியக் கொழம்பு உண்டா?" என்றார் தஞ்சாவூர்க்காரம்மா.

அப்படியானால் ஏன் ஆக்கவில்லை என்றேன். மூவரும் சொன்ன பதில் ஒன்றுதான்: அந்தம்மா வேண்டாம்னுட்டாங்களே!

வேண்டாம் என்பதை மட்டும் மூவரும் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். வேண்டும் என்பதைக் கூட்ட ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த கூட்டலை நான் செய்தேன். முதல் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் கம்மாபுரம் பக்கம் போய் முருங்கைக்கீரை ஒடித்து வந்தேன். கீரை பறிப்பது பெண்கள் வேலை என்று வரப்பில் நின்ற சொந்தக்காரர்களே சிரித்தார்கள். வார லீவில் குள்ளஞ்சாவடிச் சந்தையில் கத்திரிப்பிஞ்சும் பப்பாளிக்காயும் வாங்கினேன். சாயங்காலம் அந்த அம்மாக்கள் தங்கள் வீடுகளுக்குப் போன பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு நானே ஆக்கினேன். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது. பச்சையாகத்தான் போயிற்று.

நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது மூன்று பேரும் கூடத்தில் நின்றார்கள். கோயமுத்தூர்க்காரம்மா குப்பைக்கூடையிலிருந்து முருங்கைக்காம்புகளை எடுத்துத் தரையில் பரப்பி வைத்திருந்தார்.

"இதென்னங்க? நான் என்ன சொன்னனுங்க?"

"ஆம்பள அடுப்படிக்குள்ள நொழஞ்சா இப்படித்தான்" என்றார் தஞ்சாவூர்க்காரம்மா.

"பச்சப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்லுவா?" என்றார் திருநெல்வேலிக்காரம்மா.

என் மனைவி சுவரோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள். அப்படியே வெளியே போய்விடலாம் என்று இருந்தது. குழந்தை முனகியது. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் கீரையை நிறுத்தினால் அவளுக்குக் கண் போய்விடும். இன்னொரு சாயங்காலம் நான் வேலையில் இருப்பேன். தள்ளிவிட ஆள் இருக்காது.

"நான் பதில் சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்க செஞ்ச உதவிய சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இவ புள்ள மேல காலு வெக்கப் போனா. கீரை தின்னு இல்ல, தின்னாம. முருங்கைக்கீரை அந்தம்மா ஊர்ல ஆவும். பப்பாளிக்கா இந்தம்மா ஊர்ல ஆவும். கத்திரிப்பிஞ்சு உங்க ஊர்ல ஆவும். என் வூட்ல மட்டும் எதுவும் ஆவாதா? இன்னைக்கும் ஆக்குவேன். நாளைக்கும் ஆக்குவேன்."

திருநெல்வேலிக்காரம்மா கொண்டு வந்த ரசத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். "அப்போ நீரே பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நர்சம்மாவிடம் ஓடினேன். பார்த்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள் என்றார். மூன்றாம் நாள் வயிற்றோட்டம் நின்றது. கீரையை நாங்கள் ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. முன்னாலேயே உரசிக் கொடுத்த வசம்பினால்தான் நின்றது என்று அம்மாக்கள் பிளாக்கில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் வராத அந்த நாட்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. குழந்தையைக் குளிப்பாட்ட எங்கள் இருவருக்கும் தெரியாது. சோப்பு நுரையில் நழுவும். நான் தெருவில் நடந்தால் பேச்சு நின்றுபோகும். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட அந்தப் பேச்சுச் சத்தம் என் வீட்டுக்குள் கேட்கவில்லை. வருத்தம் இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. இனிச் சாத்த வேண்டியதில்லை என்று ஜன்னலை மட்டும் திறந்துவைத்தேன். கீரை வதங்கும் வாசனை தெருமுனை வரைக்கும் போனது.

அப்படி எத்தனை நாள் என்று எண்ணவில்லை. ஒரு சாயங்காலம் வெளிச்சம் இருண்டுகொண்டிருந்தது. விளக்கு இன்னும் போடவில்லை. நான் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன். அவள் கூடத்தின் அந்தக் கோடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்து நேரே என்னிடம் வந்து குழந்தையின் கழுத்தில் விரலை வைத்துத் தட்டினாள்.

"எறும்பு ஊருது. இன்னா பாத்துகினு நிக்கறீங்க?"

நான் பார்க்கவில்லை. தோளில் வைத்திருந்த எனக்கே அது தெரியவில்லை.

அன்றைக்குப் பப்பாளியை உள்ளே அறுக்கவில்லை. வாசற்படியில் வைத்து அறுத்தேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவே பார்க்க, ஒவ்வொரு துண்டாகத் தின்றாள். எதிர்வீட்டு வாசலில் திருநெல்வேலிக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்குப் பொறுக்க முடியவில்லை.

"ஏளா, பொழுது சாஞ்ச நேரத்துல பழமா? பிள்ளைக்குச் சளி பிடிக்கும்ளா!"

என் மனைவி நிமிர்ந்து, அரையிருட்டில் அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

"புடிச்சா புடிக்கட்டும்க்கா. தொடச்சி வுட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.