மாற்ற மறந்த சிலிண்டர்

மொன்றியலில் நான் போகும் துப்பாக்கிக் கழகத்தில் ஒரு நாள் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும்.

என் ரிவால்வருக்கு, தோட்டா ஏற்றும் சுழல் உருளைகளாக, கழற்றி மாற்றக்கூடிய இரண்டு சிலிண்டர்கள். ஒன்று சாதாரண பொயின்ற் 22 தோட்டாவுக்கு. மற்றது சற்றுப் பருத்து நீண்ட மக்னம் தோட்டாவுக்கு. எது குறி தப்பாமல் படுகிறது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மக்னம் நன்றாகவே பட்டது. பிறகு சாதாரண தோட்டாக்களைப் போட்டுச் சுட்டேன். குறி அட்டையெங்கும் சிதறின.

"குப்பைத் தோட்டா!" என்று கத்தினேன்.

"அங்கிள், நிப்பாட்டுங்கோ! சுடாதேங்கோ!"

சொன்னவள் அன்றைய பாதுகாப்புப் பொறுப்பாளர். பக்கத்து ஊரான புரோசார்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, என் மகளின் வயது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பதினைஞ்சு வருசமாச் சுடுறன். நீயோ எனக்குப் படிப்பிக்கிறாய்?"

"பேந்து ஏசுங்கோ. முதல்ல அதைக் கீழ வையுங்கோ."

வைத்தேன். அவள் சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தாள். இரண்டு பக்கவாட்டில் பிளந்திருந்தன.

"மக்னம் சிலிண்டரை நீங்கள் மாத்தேல்லை, அங்கிள்."

பெரிய துளைக்குள் சிறிய தோட்டா. அதனால்தான் கோது வெடித்திருக்கிறது. நிமிர்ந்தபோது அவள் கன்னத்தில் மெல்லிய இரத்தக் கோடு. நான் சுட்டபோது பக்கத்தில் நின்றவளைக் கோதின் பித்தளைச் சிதறல் கீறியிருந்தது.

"கண்ணாடி போட்டிருந்தன், பரவாயில்லை" என்றாள்.

"இங்க வெளிச்சம் காணாது" என்றேன் நான்.

மறுவாரம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அந்த இரத்தத்தைப் பார்த்த பிறகும் வெளிச்சத்தைக் குறை சொன்ன மனிதன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.